காருக்கு நான் கொடுத்த அகலம்

தம்பி செந்திலு,

போனில் பேசாமல் அப்பா எதற்காக உட்கார்ந்து எழுதுகிறார் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கம்மாவுக்கும் ஆச்சரியம்தான். "பத்தாவதுல தமிழ்ல பாசானதே சாமி புண்ணியம்னு அவரே சொல்லுவாரு. இப்ப பாரு, பேனாவும் பேப்பருமா கலெக்டர் மாதிரி உக்காந்திருக்காரு" என்று மருமகள் பவித்ராவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ "பரவால்லப்பா, விடுங்கப்பா" என்பாய். நான் "சரிப்பா, சாப்ட்டியா" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். நம் இருவருக்கும் நடுவில் முக்கால்வாசி விஷயம் இப்படித்தான் முடிந்திருக்கிறது. இந்த விஷயத்தில் உன் "பரவால்லப்பா" எனக்கு வேண்டாம். எழுதினால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். உன் கூட்டாளிகளுக்கு இதைக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. காரின் வீலை அகலப்படுத்திப் பார்க்கும் ஆசை அவர்களில் யாருக்காவது இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதற வேண்டாம். பவித்ரா நன்றாக இருக்கிறாள். வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்கள். உன் காரும் வாசலில் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் உன் கல்யாணத்துக்கு நான் ஆசையாக வீலில் போட்டுக் கொடுத்த ஸ்பேசர் வளையம் நான்கையும் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், ஏன் போட்டேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது.

உன் நிச்சயதார்த்தத்தன்று ஸ்ரீரங்கத்தில் பவித்ரா வீட்டு வாசலில் உன் வண்டியை நிறுத்தினோம் இல்லையா, பக்கத்தில் அவள் அண்ணனுடைய பெரிய கார் நின்றது. அது காலை அகட்டிக்கொண்டு பயில்வான் மாதிரி நிற்கிறது. நம் வண்டி அதன் பக்கத்தில் டியூஷனுக்கு வந்த பையன் மாதிரி, கையைக் கட்டி ஓரமாக நிற்கிறது. உள்ளே தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு புத்தி உண்டு. இலை எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், விரித்தால் எவ்வளவு அகலம் என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் புத்தியைக் கொண்டுபோய்க் காரில் வைத்தேன்.

நாங்கள் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்காக உன் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு நீ சென்னை போயிருந்த வாரத்தில், அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மண்டிக்கு வருகிற ஒருவர் தன் மகன் வண்டிக்கு அங்கேதான் போட்டிருந்தார். பட்டறைக்காரர் ஒரு அலுமினிய வளையத்தை என் கையில் வைத்தார். பளபளவென்று, எனக்கென்னவோ கோவில் கலசத்தைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, இது வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல உக்காரும். ஒவ்வொரு வீலும் ஒரு இஞ்சு வெளிய தள்ளி வரும். பாக்க கெத்தா இருக்கும்."

"ஓட்டறதுக்கு?"

"திருப்பத்துல வண்டி சாயறது கொஞ்சம் கொறையும். ஆனா ஸ்டீயரிங் முன்ன மாதிரி இருக்காதுண்ணே. கனமா இருக்கும், பள்ளத்துல எறங்குனா கையப் பிடிச்சு இழுக்கும். பேரிங்குக்கும் வேலை ஜாஸ்தி. தம்பிய ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"தம்பிக்கு சர்ப்ரைஸ்யா. நீ போடு."

அவர் போட்டார். போட்டுவிட்டு ஒன்று சொன்னார். இதில் நட்டு இரண்டு வரிசை. உள்ளே இருக்கும் வரிசை அந்த வளையத்தை ஹப்போடு, அதாவது வீலைத் தாங்கும் அச்சுமுனையோடு, பிடிக்கிறது. வெளியே தெரியும் வரிசை வீலை வளையத்தோடு பிடிக்கிறது. வீலை மாட்டிவிட்டால் உள்நட்டு கண்ணுக்குத் தெரியாது. "கொஞ்ச தூரம் ஓடுனதும் கண்டிப்பா கொண்டாங்கண்ணே. வீலைக் கழட்டி உள்நட்டை ஒரு தடவை முடுக்கித் தரேன். அதை மட்டும் மறந்துடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். வண்டியை எட்ட நின்று பார்க்கிற அவசரம் எனக்கு.

நேராக எடமலைப்பட்டி புதூருக்கு வந்து, நம் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டேன். நாலு வீலுக்கும் சந்தனம், குங்குமம். நாலு வீலுக்கடியிலும் எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கியதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான்கு நாள் கழித்துப் பட்டறைக்காரர் போன் செய்தார், "அண்ணே, வண்டி வரலையே" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூஜை போட்ட வீலைக் கல்யாணத்துக்கு முன்னாடி கழட்டுனா நல்லாவா இருக்கும்? மறுவீடு முடியட்டும்யா." மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டி, பொட்டு வைத்த சக்கரம், அதில் ஸ்பேனர் படக் கூடாது என்று நானே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சாஸ்திரம். மறுவீட்டு விருந்து முடிந்து நீயும் பவித்ராவும் சென்னைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நான் கையசைத்துவிட்டு மண்டிக்குப் போனேன். உள்நட்டு என் நினைப்பிலேயே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால், வளையம் போட்ட வண்டியை நீ முதன்முதலில் பார்த்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு அப்படியே நின்றாய். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். முன்வீல் பக்கம் குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். "நல்லா இருக்குப்பா" என்றாய். கொஞ்சம் கழித்து, "உள்நட்டெல்லாம் செக் பண்ணிட்டாங்களாப்பா?" என்று கேட்டாய். "எல்லாம் பக்காவா பண்ணியாச்சுடா" என்றேன். அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்கவே இல்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டாய் போலிருக்கிறது.

மாப்பிள்ளை அழைப்பன்று கோவிலிலிருந்து மண்டபத்துக்குப் போகும்போது பின்சீட்டில் ஆள் நிறைந்து வண்டி அமுங்கியது. திருப்பத்தில் டயர் மேலே மட்கார்டில் உரசிக் கரகரவென்று சத்தம் போட்டது. பவித்ராவின் சித்தப்பா, "என்ன சம்பந்தி சத்தம்?" என்றார். "டயர் பெருசு சம்பந்தி, அப்படித்தான் கேக்கும்" என்றேன். டயர் அதே பழைய டயர்தான். இப்படி அந்த வண்டியின் ஒவ்வொரு குறைக்கும் நான் ஒரு பெருமை கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஸ்டீயரிங் கனத்துப்போனால், "பெரிய வண்டின்னா அப்படித்தான் கனமா இருக்கும்." பள்ளத்தில் கையைப் பிடித்து இழுத்தால், "ரோட்டோட ஒவ்வொரு அசைவும் கைக்குத் தெரியுது பாரு." ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சாடும். அதற்கும் ஏதோ சொன்னேன், இப்போது நினைவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்றே ஒன்றுதான் நன்றாக இருந்தது. நல்ல சாலையில், வளைவில், வண்டி சாயாமல் போனது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மண்டியில் ஒரு வருடம் ஓட்டினேன். "எம்பையன் வண்டி பாலத்துல ஒட்டிக்கிட்டுல்ல போகும்" என்று இலை வாங்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். பாவம், இலை வாங்க வந்தவர்கள்.

நீங்கள் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் நான் வாசலில் நிற்பேன். வண்டி நின்றதும் முதல் வேலையாக முன்வீலைத் தட்டிப் பார்ப்பேன். பிறகுதான் "வாப்பா, வாம்மா." இந்தப் பழக்கத்தை நீ கவனித்து வைத்திருப்பாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பவித்ராவையும் வண்டியையும் எங்களிடம் விட்டுவிட்டு சிங்கப்பூருக்குக் கிளம்பின அன்று ஏர்போர்ட் வாசலில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அப்பா, வண்டிய ரொம்ப எடுக்காதீங்க. பவித்ராவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா ஆட்டோ வெச்சுக்குங்க." எனக்குச் சுருக்கென்றது. லோடு வண்டியை இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறவனைப் பார்த்து, நேற்று லைசென்ஸ் வாங்கின பிள்ளை இப்படிச் சொல்லுதே என்று. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைக்கிறான் போல என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கம்மாவிடம் புலம்பினேன். நீ என் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொல்ல முடியாமல் அதைச் சொன்னாய்.

போன வியாழக்கிழமை பவித்ராவுக்குச் செக்கப். ஸ்ரீரங்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. அவள் ஆட்டோ சொல்லியிருந்தாள். நான்தான் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். "ஆட்டோ குலுக்கும்மா, நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்கு?" அவள் கொஞ்சம் தயங்கினாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உன்னைப் போலவே. ஏறிக்கொண்டாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரை ஒன்றுமில்லை. காவிரிப் பாலத்தில் ஏறினதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. பாலத்தின் இணைப்பு என்று நினைத்தேன். அடுத்த இணைப்பு வருவதற்கு முன்னாலும் நடுங்கியது. வேகத்தைக் குறைத்தேன், நடுக்கம் போகவில்லை, ஆட்டமாக மாறியது. முன்பக்கம் இடது வீலிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம், சக்கரம் சுற்றுகிற கணக்கில். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு போகிறது, இந்தப் பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே காவிரி. பவித்ரா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நிதானமாக, "மாமா, பிரேக்க அழுத்தாதீங்க. மெதுவாவே போங்க. பாலம் எறங்குனதும் ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

மாம்பழச் சாலைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அவள் இறங்கி வந்து, "ஸ்பேனர் டிக்கியில இருக்கு மாமா, ஜாக்கிக்குப் பக்கத்துல துணி சுத்தி வெச்சிருக்காங்க" என்றாள். உன் பழைய காலேஜ் டீ ஷர்ட் ஒன்றில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருந்தாய். எடுத்துவந்து நட்டில் போட்டு அழுத்தினேன். நான்கும் அசையவில்லை.

"டைட்டா இருக்கா மாமா?"

"கல்லு மாதிரி இருக்கும்மா. ஒண்ணும் இல்ல. காத்து கொறைஞ்சிருக்கும். ஏறு, மெதுவா போயிடலாம்."

"இல்ல மாமா. வெளிய டைட்டா இருந்தும் ஆடுதுன்னா உள்ளதான் லூசாயிருக்கும். இனிமே இத ஓட்ட வேணாம்."

"இந்தா இருக்கு ஆஸ்பத்திரி. ரெண்டு நிமிஷம்மா."

"மாமா, நான் ஏற மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு சொன்னாள். தம்பி, நம் வீட்டில் நான் கொடுத்த ஒன்றை என் முகத்தைப் பார்த்து ஒருவர் வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் கேட்டேன், "உள்நட்டு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று. சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "ஒவ்வொரு தடவை திருச்சிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியும் அவங்க நாலு வீலையும் கழட்டி, உள்நட்ட முடுக்கிட்டுத்தான் மாமா மாட்டுவாங்க. நான்தான் பக்கத்துல உக்காந்து நட்டு எடுத்துக் குடுப்பேன். குறுக்க குறுக்க முடுக்கணும், வரிசையா முடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப அவங்க போயி ரெண்டு மாசமாச்சுல்ல, யாரும் பாக்கல."

"அவ்வளவு கஷ்டம் எதுக்கும்மா? கழட்டிப் போட்டிருக்கலாம்ல?"

"நானும் அதத்தான் கேட்டேன் மாமா. 'ஊருக்குப் போயி எறங்குனதும் அப்பா முதல்ல வீலத்தான் பாப்பாரு'ன்னு சொன்னாங்க."

ஒரு ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் அம்மா வந்து கூடப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே மெஷினில் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பை வைத்துக் காட்டினார்கள் போல, சத்தம் வெளியே கேட்டது. மண்டியில் வேலை தெரிந்த ஆள் இலைக்கட்டை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவான் பார், டப டப டபவென்று, அவ்வளவு வேகம். நான் அந்தப் பெஞ்சில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், ஆஸ்பத்திரியில் கிழவன் அழுவது யாருக்கும் புதிதில்லை.

அரியமங்கலத்துப் பட்டறைக்காரர் போன் செய்ததும் வந்துவிட்டார். மரத்தடியிலேயே ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார். உள்ளே நான்கு நட்டில் ஒன்று காணவில்லை. ஒன்று விரலால் திருகினதும் கையோடு வந்தது. மற்ற இரண்டுதான் எங்களைப் பாலம் தாண்ட வைத்தவை. வளையத்தில் நட்டு உட்காரும் ஓட்டை வட்டமாக இல்லாமல் ஆடி ஆடி நீண்டு போயிருந்தது. "அண்ணே" என்று ஆரம்பித்தார். "தெரியும்யா, நீ சொன்னே" என்றேன். நல்ல மனுஷன், குனிந்து நட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "நாலையும் கழட்டிடு" என்றேன். அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அந்த வீலின் பேரிங்கும் போயிருந்ததால் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார். அங்கே வேறு வேலைக்கு வந்திருந்த ஒருவர், "அண்ணே, அந்த நாலையும் எனக்குக் குடுத்துடுங்களேன்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்த லட்சணம் போதும்.

வண்டியை நானேதான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். தனியாக. ஸ்டீயரிங் லேசாக இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் இறங்கி ஏறியது, கையைப் பிடித்து இழுக்கவில்லை. திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் பேசாமல் நேராக வந்தது. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, ஆமாம். சாயட்டும். வாசலில் நிறுத்திவிட்டு எட்ட நின்று பார்த்தேன். பழையபடி டியூஷன் பையன். எனக்கு அது உன்னைப் போலவே தெரிந்தது.

அன்று சாயங்காலம் உங்கம்மாவிடம், "நம்ம பையன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நான் என்ன அடிக்கவா போறேன்?" என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீங்க அடிக்கறவரா இருந்தா சொல்லியிருப்பானே" என்றாள். "நீங்க ஒண்ணு குடுத்துட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பீங்க. வேணாம்னு சொன்னா உங்க மூஞ்சி அப்படியே விழுந்துடும். அதப் பாக்க எங்க யாருக்கும் தெம்பு இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு அரக்குக் கலர் புடவை எடுத்துக் குடுத்தீங்களே, எனக்கு அரக்குக் கலரே புடிக்காது. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கலர்லதான் எடுத்துத் தர்றீங்க."

முப்பத்திரண்டு வருடமாக அரக்குக் கலர், தம்பி.

அப்போதுதான் உன் ஷூ நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓட உனக்கு ஷூ வாங்கினேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் ஆகட்டும் என்று பெரிய சைஸாக எடுத்தேன். கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. நுனியில் தினத்தாளைச் சுருட்டி வைத்து நானே உனக்கு மாட்டிவிட்டேன். பாதித் தூரம் முன்னால் வந்த நீ, திருப்பத்தில் கால் உள்ளே வழுக்கி, விழாமல் எப்படியோ சமாளித்து, கடைசியில் வந்து சேர்ந்தாய். குதிகால் தோல் உரிந்து சாக்ஸ் சிவந்திருந்தது. "ஷூ சரியில்லையாடா?" என்றேன். "சூப்பரா இருக்குப்பா. அடுத்த வருஷம் கரெக்டா ஆயிடும்" என்றாய். நான் அதை நம்பினேன். பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஷூவைக் குனிந்து பார்த்தவன், அதற்குள் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. திருப்பத்தில்தான் அன்றும் இடறியது.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நீ செய்தது பாசம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெயிலில் நான்கு வீலையும் கழற்றி மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இங்கே வந்து இறங்கி, நான் வீலைத் தட்டிப் பார்ப்பதைச் சிரித்துக்கொண்டு பார்த்தாய் பார், அப்படி எனக்காக யாரும் எதையும் செய்ததில்லை. ஆனால் தம்பி, என் முகம் விழக் கூடாது என்று நீ காப்பாற்றின அந்த ஒரு இஞ்சில்தான் அன்று உன் பெண்டாட்டியும் பிள்ளையும் பாலத்தின் மேல் போனார்கள். உனக்கு உள்நட்டு தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை, தெரியாதவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பழி என்னுடையதுதான், அதில் உனக்குப் பங்கு கேட்க வேண்டாம். ஆனால் இனிமேல் நான் தெரியாமல் சாவியை எடுக்கக் கூடாது. அதற்கு நீதான் உதவ வேண்டும். ஏர்போர்ட்டில் "ஆட்டோவில போங்க" என்றதற்குப் பதிலாக, "அப்பா, நீங்க போட்டது ஆபத்து, கழட்டிடுங்க" என்று சொல்லியிருந்தால் நான் அன்று முழுக்கச் சாப்பிட்டிருக்க மாட்டேன். மறுநாள் சாப்பிட்டிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பவித்ராவைப் பார்த்து நீ இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. "நான் ஏற மாட்டேன்" என்று அவள் சொன்னபோது என் முகம் விழுந்தது, தம்பி. தரை வரைக்கும் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டும் ஏறவில்லை. நானும் நடுரோட்டில் மாரடைப்பு வந்து விழுந்துவிடவில்லை. மறுநாள் காலையில் அவளே காபி கொண்டுவந்து கொடுத்து, "சர்க்கரை போதுமா மாமா?" என்று கேட்டாள். "கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் எனக்கும் ஒருவரிடம் உண்மையைச் சொல்ல வந்துவிட்டது பார். வரப்போகிற பிள்ளை இந்த ஒரு விஷயத்தில் அவளைக் கொண்டு பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். முகம் உன்னைப் போல இருந்தால் போதும்.

வளையங்களில் மூன்றைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஒன்றை உங்கம்மா பிடுங்கிக்கொண்டாள். கழுவித் துடைத்து, குழம்புச் சட்டிக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறாள். "இத்தனை நாள்ல நீங்க வாங்குனதுல இது ஒண்ணுதான் ஆடாம உக்காருது" என்கிறாள். வளைகாப்புக்கு வந்து சாப்பிட உட்காரும்போது பார்ப்பாய். நீ வந்து இறங்கும்போது நான் வாசலில்தான் நிற்பேன், ஆனால் வீலைத் தட்ட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. பெரிய கடைவீதியில் தேக்குத் தொட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். யானை, மயில் எல்லாம் செதுக்கி, நல்ல அகலமாக இருக்கிறது. உங்கள் சென்னை வீட்டு ரூமில் அது நுழையுமா என்று எனக்குத் தெரியாது. பவித்ராவிடம் கேட்டேன். "அவங்க சொல்லட்டும் மாமா" என்று வேண்டுமென்றே உன் பக்கம் தள்ளிவிட்டுவிட்டாள். கடைக்காரரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை நீ சொன்ன பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முதல் வார்த்தையிலேயே சொல். என் முகம் விழும், உங்கம்மா பக்கத்தில் இருப்பாள், அவள் பார்த்துக்கொள்வாள். நீ போனை வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் இரு. எழுந்துவிடும்.

அப்பா